பெட்டிக்குள்ள 35 டிகிரி காட்டுது, தேனீ இருக்கா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுத்திதான் இருக்கு. புதுசா தேனீப் பெட்டி வாங்கினவங்க கூடவே சூடு, எடை பாக்குற சென்சாரும் வாங்கி வெச்சுட்டாங்க, இப்போ போன்ல வர்ற நம்பரைப் பாத்து பாத்து தூக்கம் போச்சுன்னு எழுதியிருக்காங்க. நான் பத்து வருஷமா சென்னையில மொட்டை மாடியில பெட்டி வெச்சிருக்கேன், அதுல அஞ்சு வருஷமா சென்சாரும் இருக்கு. அதனால இந்த மாசம் வேற கேள்வியை எல்லாம் ஒதுக்கிட்டு இதையே எழுதிடுறேன்.

கேள்வி: பிப்ரவரியில மார்த்தாண்டத்துலருந்து ஒரு அடுக்குத் தேனீப் பெட்டி வாங்கி எங்க வீட்டு மொட்டை மாடியில வெச்சிருக்கேன். நான் ஐடி வேலை பாக்குறவன், அதனால முதல் வாரமே வெப்பநிலை அளக்குற ஒரு டிஎஸ்18பி20 சென்சாரை உள்ள விட்டு இஎஸ்பி32-னு ஒரு குட்டி வைஃபை போர்டோட சேத்து போன்ல கிராஃப் வர்ற மாதிரி பண்ணிட்டேன். ஏப்ரல் பொறந்ததுலருந்து மதியம் 36, 37-னு ஏறுது. சாயங்காலமானா தேனீ எல்லாம் வாசலுக்கு வெளிய கொத்தா தொங்குது. 36-க்கு மேல போனா அடையில வளர்ற தேனீப் புழு செத்துரும்னு படிச்சேன். மூடியைத் திறந்து வைக்கலாமா? அலாரம் எத்தனை டிகிரிக்கு வைக்கணும்? — வாசகர், மடிப்பாக்கம்

பதில்: மூடியைத் திறக்காதீங்க, முதல்ல அதைச் சொல்லிடுறேன். உள்ள அதுங்க ஒரு காத்தோட்டத்தை உண்டு பண்ணி வெச்சிருக்கும், நீங்க மூடியைத் தூக்கினா அது அத்தனையும் கலைஞ்சுடும், மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும். நாளைக்கு ரெண்டு மணி வாக்குல வாசல்கிட்ட ஓரமா உக்காந்து பாருங்க. அஞ்சாறு தேனீ வரிசையா நின்னு இறக்கையை அடிச்சுக்கிட்டே இருக்கும், உத்துப் பாத்தா தலை வெளிப்பக்கம் இருக்கும், வால் வாசலைப் பாத்து இருக்கும். வெளிநாட்டுலருந்து வந்த இத்தாலியத் தேனீ இதுக்கு நேர் எதிர், அது வாசலைப் பாத்து நின்னு உள்ள இருக்குற காத்தை வெளிய இழுக்கும், நம்ம ஊர் தேனீ, அதாவது உங்க அடுக்குத் தேனீ, வெளிக்காத்தை உள்ள தள்ளும். இன்னொரு பக்கம் தண்ணி எடுத்துட்டு வர்ற தேனீ அதை அடை மேல மெல்லிசா பூசும், அந்த ஈரம் காயும்போது உள்ள சூடு குறையும். மண்பானையில தண்ணி ஜில்லுன்னு ஆகுறது எப்படியோ அதேதான்.

சாயங்காலம் கொத்தா தொங்குறதும் பயப்படுற விஷயம் இல்ல. உள்ள நெரிசல் குறைஞ்சா காத்து போகும்னு சும்மா இருக்குற தேனீ வெளிய வந்து உக்காருது, ராத்திரி குளுந்ததும் உள்ள போயிடும். விடிகாலையிலயும் அப்படியே தொங்கிட்டு இருந்தாலோ, அடையோட கீழ் விளிம்புல வேர்க்கடலை மாதிரி ராணி அறை தொங்கினாலோதான் கூட்டம் பிரியப் போகுதுன்னு யோசிக்கணும்.

இப்போ அந்த 36, 37. புழு இருக்குற இடத்தை தேனீ 33-லருந்து 36-க்குள்ள வெச்சுக்கும், பெரும்பாலும் 35-ஐ ஒட்டி. உங்க சென்சார் எங்க இருக்குன்னு நீங்க எழுதல. மூடிக்கு அடியில சும்மா தொங்க விட்டிருந்தா அது காட்டுறது வெயில் பட்ட மூடியோட சூடு, புழுவோட சூடு இல்ல. அடுக்குத் தேனீக்கு நம்ம ஊர்ல வழக்கமா வைக்கிற நியூட்டன் பெட்டியில, கீழ் அறையில அடை கட்டுறதுக்கு ஏழு மரச்சட்டம் இருக்கும், நடுவுல இருக்குற மூணாவது நாலாவது சட்டத்துக்கு இடையில மேல்கட்டைக்குக் கொஞ்சம் கீழ வைக்கணும். ஆனா ஒரு சிக்கல் என்னன்னா சென்சாரோட ஸ்டீல் குழாய் 6 மில்லிமீட்டர் தடிமன், அடைக்கும் அடைக்கும் நடுவுல தேனீ நடக்குற சந்தே அதைவிட கொஞ்சம்தான் அதிகம், குழாயைக் குறுக்க விட்டா அந்த வழியே அடைபட்டுப் போகும். மேல்கட்டையோட அடிப்பக்கம் சின்னதா ஒரு பள்ளம் தோண்டி அதுல குழாயைப் படுக்க வெச்சுடுங்க. வயரை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல நசுங்க விடாம சைடுல ஒரு காடி வெட்டி எடுங்க, இல்லன்னா அந்த இடுக்கு வழியா எறும்பு உள்ள போகும்.

அலாரம் பத்திக் கேட்டதுக்கு என் வீட்டுல நடந்ததைச் சொன்னாதான் புரியும். மூணு வருஷம் முன்னாடி மே மாசம், நான் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தேன். தினமும் போன்ல பாப்பேன், 34, 35, சில சமயம் 37, சரி பெட்டி நல்லா இருக்குன்னு நிம்மதியா இருந்தேன். திரும்பி வந்து மாடிக்கு ஏறினா வாசல்ல ஒரு சத்தமும் இல்ல. மூடியைத் திறந்தேன். ஏழு சட்டமும் காஞ்சு கிடக்கு, ஒரு சொட்டு தேன் இல்ல, ஒரு முட்டை இல்ல, நாலாவது அடையோட மூலையில மெழுகுப் பூச்சி வெள்ளையா வலை பின்னியிருக்கு, அந்த வலை சென்சார் குழாய் மேலயும் படர்ந்து கிடக்கு. ஒரு முப்பது நாப்பது தேனீ மட்டும் ஓரமா நடந்துட்டு இருந்துச்சு. கையில இருந்த போன்ல அப்பவும் 34.8-னு காட்டிட்டு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல.

அப்புறம் பழைய கிராஃப் எல்லாத்தையும் எடுத்து வெச்சுப் பாத்தேன். கூட்டம் இருந்த வரைக்கும் கோடு ராத்திரி பகல் பேதம் இல்லாம 34-க்கும் 36-க்கும் நடுவுல தட்டையா போயிருக்கு. ஒரு நாள்லருந்து விடியக்காலை 30-க்கு இறங்கி மதியம் 38-க்கு ஏறி அலை மாதிரி ஆடியிருக்கு. சராசரி எடுத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நான் அந்த நேரத்து நம்பரை மட்டும் பாத்துட்டு இருந்ததால ஏமாந்துட்டேன். குளிர் நாட்டுல இந்தப் பிரச்சனை வராது, வெளிய 5 டிகிரி உள்ள 35 டிகிரின்னா ஒரு நம்பரைப் பாத்தாலே தேனீ இருக்குன்னு தெரிஞ்சுடும். நம்ம சென்னையில ஏப்ரல் மே மாசம் மதியம் வெளியவே 35-ஐ ஒட்டியோ அதுக்கு மேலயோதான். 2003-ல மே 31 அன்னைக்கு 45 டிகிரி அடிச்ச ஊர் இது. இங்க காலிப் பெட்டியும் 35 காட்டும், தேனீ நெறஞ்ச பெட்டியும் 35 காட்டும்.

அதனால உங்களுக்கு ரெண்டு சென்சார் வேணும். ஒண்ணு உள்ள, இன்னொண்ணு அதே மாடியில நிழல்ல, வெயிலும் மழையும் படாத இடத்துல. அலாரத்தை ஒரு டிகிரியை வெச்சு வைக்காதீங்க, ஒரு நாளைக்கு உள்ள கூடுனதுக்கும் குறைஞ்சதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. என் பெட்டியில புழு நல்லா இருக்கும்போது அந்த வித்தியாசம் ஒண்ணு ரெண்டு டிகிரிதான், அக்னி நட்சத்திரத்துல மூணு வரைக்கும் போகும். உள்ள ஆடுற ஆட்டம் வெளிய ஆடுற ஆட்டத்தை நெருங்க ஆரம்பிச்சா அன்னைக்கு சாயங்காலமே போய்ப் பாருங்க. சென்னையில இன்னொண்ணும் கவனிக்கலாம், மதியம் கடல் காத்து எத்தனை மணிக்கு உள்ள வருதோ அதைப் பொறுத்துதான் அன்னைக்கு வெயில். காத்து லேட்டானா வெளி சென்சார் கோடு சரசரன்னு ஏறும், காத்து நுழைஞ்சதும் மடக்குன்னு இறங்கும், உள் கோடு அது எதையும் கண்டுக்காம போச்சுன்னா உங்க கூட்டம் தெம்பா இருக்குன்னு அர்த்தம்.

சூட்டைக் குறைக்க: பெட்டிக்கு மேல தென்னங்கீத்துப் பந்தல், மூடி மேல ஈரச் சாக்கு, தளத்துலருந்து இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்டு, ஏன்னா கான்கிரீட் ராத்திரி பூரா சூட்டைக் கக்கிட்டே இருக்கும். ஒரு அகலமான மண்சட்டியில தண்ணி ஊத்தி கூழாங்கல் போட்டு வைங்க, கல் இல்லன்னா தேனீ முங்கிச் செத்துரும்.

கேள்வி: இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். அப்பாவோட தேனீப் பெட்டிக்கு அடியில நாலு 50 கிலோ லோட் செல்லும் (எடை சென்சார்), அது சொல்றதை நம்பரா மாத்துற எச்எக்ஸ்711 போர்டும் வெச்சு எடை பாக்குறேன். மதியம் ஆனா எடை தானா 200 கிராம் கூடுது, ராத்திரி குறையுது. தேன் வருதா இல்ல என் சர்க்யூட் தப்பா? — வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. என் அனுபவத்துல வெப்பநிலையைவிட எடைதான் ஒரு கூட்டத்தோட கதையை முன்கூட்டியே சொல்லும். ஆனா நாலு 50 கிலோ செல் சேந்தா 200 கிலோ தாங்குற தராசு, நம்ம அடுக்குத் தேனீப் பெட்டியோ மரம் தேனீ தேன் எல்லாம் சேத்து பெரும்பாலும் இருபது கிலோவைத் தாண்டாது. லாரி எடை போடுற மேடையில காய்கறி நிறுக்குற மாதிரி ஆயிடும். 20 கிலோவோ 40 கிலோவோ தாங்குற ஒத்தை பார் மாதிரி லோட் செல் சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ரெண்டு பலகைக்கு நடுவுல அதைப் பொருத்தினா போதும்.

மதியம் கூடுறதுல பெரும்பகுதி சூட்டால வர்ற நகர்வுதான்னு நினைக்கிறேன். லோட் செல் உலோகம், வெயில் பட்டா அதோட கணக்கு மாறும். சந்தேகம் இருந்தா பெட்டிக்குப் பதிலா அதே எடைக்கு செங்கல்லை அடுக்கி ரெண்டு நாள் ஓட விட்டுப் பாருங்க, செங்கல்லும் மதியம் 200 கிராம் கூடுச்சுன்னா தேன் வரலைன்னு தெரிஞ்சுபோச்சு. நான் பண்றது இதுதான்: விடிகாலை நாலரை அஞ்சு மணி எடையை மட்டும் எடுத்து நாளுக்கு நாள் ஒப்பிடுவேன். அப்போ தேனீ எல்லாம் வீட்டுல இருக்கும், காத்து இருக்காது, லோட் செல்லும் குளுந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இருபது ரீடிங் எடுத்து வரிசைப்படுத்தி நடுவுல இருக்குறதை எடுத்துக்கோங்க, சராசரி வேண்டாம், ஏன்னா ஒரு காக்கா வந்து மூடி மேல உக்காந்தாலே சராசரி கெட்டுடும். தராசு சரியா காட்டுதான்னு பாக்க, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையை மளிகைக் கடை தராசுல ஒரு தடவை நிறுத்து வாங்கிட்டு வந்து வைங்க.

இப்போ எடை என்ன சொல்லும்னு பாப்போம். பகல்ல தேன் வந்து ராத்திரி குறையுறது இயல்பு. பூவுலருந்து வர்ற மதுவுல பாதிக்கு மேல தண்ணிதான், அதை விசிறி விசிறி 20 சதவீதத்துக்கு இறக்குறதுதான் தேனீயோட ராத்திரி வேலை, அந்தத் தண்ணி ஆவியா போறதுதான் உங்க கிராஃப்ல ராத்திரி சரிவா தெரியுது. மார்ச் ஏப்ரல்ல புங்கமும் வேம்பும் பூக்கும்போது ராத்திரி சரிவு பெருசா இருந்தா சந்தோஷப்படுங்க, அன்னைக்கு பகல்ல நெறைய வந்திருக்கு.

முக்கியமானது இன்னொண்ணு. நம்ம ஊர் தேனீக்கு இத்தாலியத் தேனீயைவிட கூட்டை விட்டு ஓடுற குணம் அதிகம். எறும்பு, மெழுகுப் பூச்சி, சூடு, பசி, அடிக்கடி திறந்து பாக்குற தொந்தரவு, எதுல வேணா கோவிச்சுட்டுப் போயிடும். ஆனா சும்மா ஒரே நாள்ல போகாது. ராணி முட்டை வைக்கிறதைக் குறைக்கும், இருக்குற தேனை எல்லாரும் குடிச்சு முடிப்பாங்க, புழு எல்லாம் பொரிஞ்சு வெளிய வர்ற வரைக்கும் காத்திருந்துட்டு ஒரு நாள் காலையில மொத்தமா கிளம்பும். அந்த ஒண்ணு ரெண்டு வாரம் எடை படிப்படியா இறங்கிட்டே வரும். வெளிய பூ இருக்கு, மழை இல்ல, ஆனா பத்து நாளா விடிகாலை எடை குறைஞ்சுட்டே வருதுன்னா அதுதான் மணி அடிக்கிறது. மேல நான் சொன்ன என் மே மாசக் கதையில எனக்கு தராசு இருந்திருந்தா ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

மழையை மட்டும் மறந்துடாதீங்க. ஐப்பசி கார்த்திகையில மரம் தண்ணியைக் குடிச்சு எடை கூடும், தேன்னு நினைச்சுடுவோம். ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் உண்மை எடை தெரியும், அது குறைஞ்சிருந்தா சர்க்கரையும் தண்ணியும் சரிசமமா கலந்து பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் பெட்டிக்குள்ளயே வைங்க, வெளிய ஒரு சொட்டு சிந்தினாலும் எறும்பு வரிசை கட்டும்.

கேள்வி: சென்சார் நல்லா ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு 85 டிகிரி காட்டுது, சில சமயம் மைனஸ் 127. பெட்டி எரிஞ்சுபோச்சோன்னு ஓடிப்போய்ப் பாத்தேன். — வாசகி, திருவான்மியூர்

பதில்: பயந்து போயிருப்பீங்க, பெட்டிக்கு ஒண்ணும் ஆகல மேடம். 85-ங்கிறது டிஎஸ்18பி20 முழிச்ச உடனே சொல்ற நம்பர், அளந்து முடிக்க முக்கால் செகண்ட் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள படிச்சாலோ கரன்ட் ஒரு நொடி தடுமாறினாலோ 85 வரும். மைனஸ் 127-ன்னா சென்சாரே கிடைக்கலன்னு அர்த்தம், வயர் எங்கயோ விட்டுப்போச்சு. நீங்க கடலுக்குப் பக்கத்துல இருக்கீங்க, உப்புக்காத்துல கனெக்டர் பச்சை பூத்துப் போயிருக்கும், சொருகுற கனெக்டரே வேண்டாம், வயரை சால்டரிங் பண்ணி, மேல சூடு காட்டினா சுருங்குற ட்யூப் போட்டுடுங்க. டேட்டா வயருக்கும் பவர் வயருக்கும் நடுவுல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கான்னும் பாருங்க. இந்த ரெண்டு நம்பரையும் கணக்குல சேக்காம தள்ளுற மாதிரி ப்ரோக்ராம்ல ஒரு வரி எழுதச் சொல்லுங்க. புதுசா வாங்கும்போது மார்க்கெட்ல போலி சிப் நெறைய, ஒரு டம்ளர்ல ஐஸ் நெறையப் போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலக்கி சென்சாரை விட்டா பூஜ்யத்தை ஒட்டி அரை டிகிரிக்குள்ள காட்டணும்.

கேள்வி: வைஃபை சென்சார் வெச்சா கதிர்வீச்சுல தேனீ செத்துடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. உண்மையா? — வாசகர், கொளத்தூர்

பதில்: பெட்டிக்குப் பக்கத்துல வைக்கிற ஒரு குட்டி வைஃபை போர்டால கூட்டம் அழிஞ்சுதுன்னு உறுதியா சொல்ற ஆதாரம் கிடையாது. என் பெட்டியிலயும் அப்படி ஒண்ணும் நடக்கல. கூடவே யோசிச்சுப் பாருங்க, இந்த போர்டை பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பி சில செகண்ட் பேச விட்டுட்டு தூங்க வெச்சாதான் பேட்டரியே தாங்கும், அதனால நாள் பூரா அலை வீசிட்டு இருக்குறதும் இல்ல. தேனீயை நிஜமா தொந்தரவு பண்றது வேற. போர்டுல மினுக்குற எல்இடி லைட், புது பசையோட நெடி, கருவியைச் சரிபண்றேன்னு வாரத்துக்கு நாலு தடவை மூடியைத் தூக்குறது. போர்டையும் பேட்டரியையும் ஒரு டப்பாவுல போட்டு பெட்டிக்கு வெளிய நிழல்ல மாட்டுங்க, சென்சார் வயர் மட்டும் உள்ள போகட்டும். லித்தியம் பேட்டரியை வெயில்ல விடுறதும் ஆபத்து.

கேள்வி: எங்க தெருவுல கொசு மருந்து புகை அடிக்க வர்றாங்க. போன தடவை மறுநாள் காலையில வாசல்ல கை நெறைய தேனீ செத்துக் கிடந்துச்சு. சென்சாரால இதுக்கு ஏதாவது வழி உண்டா? — வாசகி, பெரம்பூர்

பதில்: படிக்கும்போதே மனசு கஷ்டமா இருந்துச்சு. புகை வர்றதை சென்சார் சொல்லாது, ஆனா பெட்டியை மூடி வைக்கிற நேரத்துல சென்சார் ரொம்ப உதவும். முதல்ல உங்க வார்டு சுகாதார ஊழியர்கிட்ட நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, என்னைக்கு அடிக்கப் போறாங்கன்னு கேட்டா சொல்லுவாங்க, தேனீ வளக்குறேன்னு சொன்னா ஆர்வமா விசாரிக்கிறவங்களும் உண்டு. அன்னைக்கு வெளிய போன தேனீ எல்லாம் திரும்பினதும், அதாவது நல்லா இருட்டினதும், வாசலை கம்பி வலையால அடைச்சு பெட்டி மேல ஈரச் சாக்கைப் போத்துங்க. புகை வண்டி இருட்டுறதுக்கு முன்னாடியே வர்றதா இருந்தா அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே அடைச்சுட வேண்டியதுதான், அப்போ பகல் வெயிலுக்கு நீங்க பக்கத்துலயே இருக்கணும். அடைச்ச பெட்டியில தேனீ பதட்டத்துல ஒண்ணா இறக்கை அடிக்கும், சூடு கடகடன்னு ஏறும். இந்த ஒரு நாள் மட்டும் பதினஞ்சு நிமிஷம் இடைவெளி போதாது, ஒரு நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் வைங்க. 37 தாண்டி ஏறிட்டே போனா சாக்கு மேல தண்ணி தெளிங்க, அப்பவும் அடங்கலன்னா புகை இருந்தாலும் திறந்து விட்டுடுங்க, ஏன்னா வெந்து போனா மொத்தக் கூட்டமும் போயிடும், புகையில போறது கொஞ்சம்தான். புகை கலைஞ்சதும் தண்ணிச் சட்டியைக் கழுவி புதுத் தண்ணி வைங்க. தண்ணியை தினமும் மாத்துங்க, ஸ்டாண்டு கால்ல எறும்புக் கிண்ணத்துக்கு தண்ணி வேண்டாம், பழைய எண்ணெய் ஊத்துங்க, கொசுப்புழு வந்துச்சுன்னா அப்புறம் புகை அடிக்க வேண்டாம்னு நம்மளால வாயைத் திறந்து கேக்க முடியாது.

கேள்வி: கொசுத்தேனீ, அதாவது கொட்டாத குட்டித் தேனீ வளக்குற பெட்டிக்கும் இதே சென்சார் வைக்கலாமா? — வாசகர், தாம்பரம்

பதில்: வைக்கலாம், ஆனா ரெண்டு மாசத்துல சென்சார் பிசின் உருண்டைக்குள்ள போயிடும். கொசுத்தேனீ புதுசா எதைப் பாத்தாலும் பிசினை வெச்சு மூடும். ஈரப்பதம் பாக்குற சென்சாரோட ஓட்டையையும் அடைச்சுடும். அடுக்குத் தேனீ அப்படி பிசின் சேக்குறது இல்ல, அதனால அங்க இந்தத் தொல்லை கிடையாது. கொசுத்தேனீக்கு எடை மட்டும் பாருங்க, பெட்டி சின்னது, 5 கிலோ லோட் செல் போதும்.

கேள்வி: எனக்கு தேனீ கொட்டும்னு ரொம்ப பயம். வெப்பம், ஈரப்பதம், எடை, மைக் எல்லாம் வெச்சுட்டேன். இனிமே பெட்டியைத் திறக்காமலே வளர்க்கலாம்தானே? — வாசகி, அண்ணாநகர்

பதில்: முடியாதும்மா. உங்க பயத்தை நான் லேசா எடுத்துக்கல, முதல் வருஷம் எனக்கும் கை நடுங்கும். ஆனா சென்சாருக்குத் தெரியாதது நெறைய இருக்கு. 1990-கள் தொடக்கத்துல தாய்லாந்து பேரால ‘தாய் சாக்புரூட்’னு சொல்ற ஒரு வைரஸ் வந்து தென்னிந்தியாவுல நம்ம ஊர் தேனீக் கூட்டங்களை கொத்துக் கொத்தா அழிச்சுது, பெட்டி பெட்டியா காலியாகி கன்னியாகுமரி மாவட்டத்துல எத்தனையோ குடும்பத்தோட பொழப்பே போச்சு. அந்த நோய் இன்னைக்கும் இருக்கு. அதுல புழு அறைக்குள்ளயே தலையை மேல தூக்கிட்டு செத்துக் கிடக்கும், ஊசியால எடுத்தா தண்ணி நெறஞ்ச பை மாதிரி தொங்கும். பாதிப் புழு அப்படிச் செத்துக் கிடந்தாலும் மிச்சம் இருக்குற தேனீ 35 டிகிரியை விடாம காப்பாத்திட்டு இருக்கும், உங்க கிராஃப் தட்டையா அழகா போகும். எடை இறங்கும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். அதைக் கண்ணு மட்டும்தான் பாக்கும்.

மைக் பத்தி ஒரு வார்த்தை. ராணி இல்லாத கூட்டத்தோட சத்தம் வேற மாதிரி இருக்கும்ங்கிறது உண்மைதான், ஆனா சென்னை மாடியில ஏசி வெளி யூனிட்டு, ஜெனரேட்டர், ஆட்டோ இத்தனைக்கும் நடுவுல அதைப் பிரிச்செடுக்க ரொம்ப நாள் ஆகும். அதுக்குப் பதிலா பெட்டிச் சுவத்துல காதை வெச்சு விரல் முட்டியால மெதுவா ஒரு தட்டு தட்டுங்க. நல்ல கூட்டம் ‘ஸ்ஸ்’னு ஒரே மூச்சா சீறிட்டு உடனே அடங்கும். அடங்காம ஊம்ம்னு முனகிட்டே இருந்தா ராணி இருக்கான்னு பாக்க வேண்டிய நேரம்.

பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை திறந்தா போதும், சென்சார் இருக்குறதோட லாபமே அதுதான், தேவையில்லாம திறக்க மாட்டீங்க. முதல் தடவை தனியா பண்ணாதீங்க, பழகினவங்க ஒருத்தரைக் கூட வெச்சுக்கோங்க. கொட்டினா உடம்பு பூரா தடிக்கிறது, மூச்சு முட்டுறது, தலை சுத்துறது மாதிரி முன்னாடி எப்பவாவது நடந்திருந்தா பெட்டி கிட்டயே போகாதீங்க, டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். அப்படி இல்லன்னா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு எட்டு மணி வாக்குல வெளிர் நிறத்துல முழுக்கை சட்டை, முகத்துக்கு வலை, தலையில பூ வேண்டாம், சென்ட் வேண்டாம். தேங்காய் நார் புகையை வாசல்ல ரெண்டு தடவை ஊதிட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. மூடியை ஓரமா வெச்சு நடு சட்டத்தை மட்டும் நேரா மேல தூக்குங்க, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னா வெளிச்சம் தோளைத் தாண்டி அறைக்குள்ள விழும். ஒவ்வொரு அறையோட அடியிலயும் குட்டி அரிசி நொய் மாதிரி வெள்ளையா ஒரு முட்டை நிக்குதான்னு பாருங்க. முட்டை இருந்தா கடந்த மூணு நாளைக்குள்ள ராணி அங்க வந்திருக்கா, அதுக்கு மேல தேட வேண்டியது இல்ல, சட்டத்தை அதே இடத்துல இறக்கிட்டு மூடிடுங்க. நோட்டுல தேதி போட்டு ‘முட்டை இருக்கு’ன்னு எழுதி, பக்கத்துலயே அன்னைக்கு விடிகாலை எடையையும் எழுதி வைங்க.